லிசெஸ்ஸில் ஓபனிங் படிப்பு: எதை நம்பலாம், எங்கே ஏமாறுவோம்

காசு கட்டாமல் செஸ் ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) படிக்க இடம் தேடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் லிசெஸ். பிரான்சைச் சேர்ந்த நிரலாளர் திபோ துப்ளெஸி 2010-ல் தொடங்கிய தளம் இது. லாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவாகி நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, பணம் கட்டினால்தான் திறக்கும் பகுதி என்றும் ஒன்று கிடையாது. நன்கொடை கொடுப்பவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகு அடையாளம் வரும், அவ்வளவுதான். ஆடும் தளமாக இதைப் பெரும்பாலோருக்குத் தெரியும். இந்த விமர்சனம் ஓபனிங் படிப்புக்கு உதவும் பகுதிகளைப் பற்றியது: ஆடப்பட்ட ஆட்டங்களின் புள்ளிவிவரம் காட்டும் எக்ஸ்ப்ளோரர், நிலையை மதிப்பிடும் கணினி நிரலான என்ஜின், நகர்வுகளைக் குறிப்போடு எழுதி வைக்கும் ஸ்டடி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் 2000 வரை உள்ளவர் ஓபனிங் தகவலுக்காக வேறெங்கும் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு நகர்வை எத்தனை பேர் ஆடினார்கள் என்று சொல்லும் தளம், ஏன் ஆடினார்கள் என்று சொல்லாது. அதை நாம்தான் ஸ்டடியில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை மறக்காமல் இருக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி தரும் வசதியும் இங்கே இல்லை. பெரிய குறை அதுதான்.

எக்ஸ்ப்ளோரரைத் திறக்க அனாலிசிஸ் போர்டுக்குப் போய், பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகப் படத்தைத் தட்ட வேண்டும். மாஸ்டர்ஸ், லிசெஸ், பிளேயர் என மூன்று பிரிவுகள் தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நகர்வு, அதை ஆடியவர்களின் சதவீதம், ஆட்ட எண்ணிக்கை, வெள்ளை வெற்றி, டிரா, கறுப்பு வெற்றி ஆகியவற்றைக் காட்டும் மூன்று நிறப் பட்டை. மாஸ்டர்ஸ் பிரிவில் இருப்பவை 1952 முதல், 2200-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்கள் பலகையில் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்கள். லிசெஸ் பிரிவில் தளத்திலேயே ஆடப்பட்ட ஆட்டங்கள். எண்ணிக்கை நூற்றுக்கணக்கான கோடி. பிளேயர் பிரிவில் ஒரே ஓர் ஆளின் ஆட்டங்கள் மட்டும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு மாஸ்டர்ஸ் பிரிவிலேயே தங்கிவிடுவது. டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்ற ஓபனிங்கை எடுத்துக்கொள்வோம். 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் சி4 குதிரை எஃப்6 4.குதிரை ஜி5 டி5 5.சிப்பாய் டி5-ல் வெட்டு. (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு; ‘ராஜா வெட்டு’ என்றால் ராஜா வெட்டுகிறது என்று பொருள்.) இப்போது கறுப்பு என்ன ஆட வேண்டும்? மாஸ்டர்ஸ் பிரிவில் 5...குதிரை ஏ5 ஏறக்குறைய தனி ராஜ்யம் நடத்துகிறது. குதிரை டி4, பி5 என்ற இரண்டு வழிகள் அதற்குக் கீழே தொலைவில் வரும். லிசெஸ் பிரிவுக்கு மாறி ரேட்டிங்கை 1000, 1200 என்று குறைத்துப் பாருங்கள். 5...குதிரை டி5-ல் வெட்டு மேலே ஏறி நிற்கும். வெட்டுப்பட்ட சிப்பாயைத் திருப்பி எடுப்பதுதானே இயல்பு என்று கை தானாகப் போகிற இடம் அது. அதற்குத்தான் வெள்ளை காத்திருக்கிறது: 6.குதிரை எஃப்7-ல் வெட்டு, ராஜா வெட்டு, 7.ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நடுவே ஏறி வர வேண்டும். 8.குதிரை சி3 வந்ததும் டி5-ன் மேல் மூன்று காய்களின் அழுத்தம். இதற்குப் பதில் 6.டி4 இன்னும் வலுவானது என்று கருதுபவர்களும் உண்டு.

வெள்ளையில் இந்த லைனை (நகர்வு வரிசையை) ஆடப்போகிறவர் மாஸ்டர்ஸ் பிரிவை மட்டும் படித்தால், பத்து நாள் உழைத்து குதிரை ஏ5-க்குப் பதில் தயார் செய்துவிட்டு, எதிரில் உட்காரும் பையன் குதிரையால் டி5-ல் வெட்டும்போது யோசித்துக்கொண்டிருப்பார். கறுப்பில் ஆடுபவருக்குப் படிப்பு தலைகீழ்: 5...குதிரை ஏ5, 6.பிஷப் பி5 செக், சி6, 7.சிப்பாய் சி6-ல் வெட்டு, பி சிப்பாய் வெட்டு. ஒரு சிப்பாய் போய்விட்டது. ஈடாக, வெள்ளையின் பிஷப்பும் ஜி5 குதிரையும் பின்வாங்க நேரம் செலவழிக்கும்போது கறுப்பின் காய்கள் முந்திக்கொண்டு வெளியே வரும். இந்த ஈட்டுக்கணக்கு புரியாமல் குதிரை ஏ5-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர் பன்னிரண்டாவது நகர்வில் ‘ஒரு சிப்பாய் குறைகிறதே’ என்று கலங்கிப்போவார்.

ரேட்டிங் வடிகட்டியைப் பற்றி ஒரு விஷயம். 400, 1000, 1200, 1400 என்று 2500 வரை கட்டங்கள் இருக்கும். அது ஆட்டத்தில் இருந்த இருவரின் சராசரி. லிசெஸ் ரேட்டிங் பொதுவாக ஃபிடே ரேட்டிங்கை விட உயர்ந்தே நிற்கும். இங்கே கிளிக்கோ-2 முறைப்படி எல்லோரும் 1500-ல் தொடங்குகிறார்கள், கணக்கே வேறு. ஆகவே உங்கள் ஃபிடே எண்ணை அப்படியே வடிகட்டியில் போடாமல் ஒன்றிரண்டு படி ஏற்றிப் போடுங்கள். வேக வகையில் புல்லட்டை எடுத்துவிட்டு பிளிட்ஸ், ராபிட், கிளாசிக்கல் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட ஆட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஆடிய நகர்வுகள் ஓபனிங் பற்றி எதையும் சொல்லாது.

இனி எக்ஸ்ப்ளோரரின் நல்ல பக்கம். அது நகர்வு வரிசையைப் பார்ப்பதில்லை, பலகையில் உள்ள நிலையைப் பார்க்கிறது. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனும் குகேஷும் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாகப் போட்டுப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். டிங் வெள்ளை. 1.குதிரை எஃப்3 டி5 2.ஜி3 சி5 3.பிஷப் ஜி2 குதிரை சி6 4.டி4. மூன்றாவது நகர்வு முடிந்ததும் டி4-க்கு எதிரே உள்ள எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். டி4-ஐத் தட்டியதும் பட்டியலின் அடியில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். இரண்டாவது எண் பெரிது. காரணம், 1.டி4 டி5 2.குதிரை எஃப்3 சி5 3.ஜி3 குதிரை சி6 4.பிஷப் ஜி2 என்று வந்தவர்களும் இதே நிலையில்தான் வந்து நிற்கிறார்கள். அந்த ஆட்டங்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. அச்சுப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களில் பிரிந்து கிடப்பவை இங்கே ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. ரெட்டி, கேட்டலான் போன்று எந்த வரிசையிலும் வந்து சேரக்கூடிய ஓபனிங்குகளை ஆடுபவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே லிசெஸ் வேண்டும்.

அதே ஆட்டம் எக்ஸ்ப்ளோரரின் எல்லையையும் காட்டிவிடுகிறது. இது நிறம் மாறிய கிரன்ஃபெல்ட் ஓபனிங். வழக்கமான கிரன்ஃபெல்டில் கறுப்பு செய்கிற வேலையை இங்கே வெள்ளை ஒரு நகர்வு கூடுதலாக வைத்துக்கொண்டு செய்கிறது. தொடர்ச்சி: 4...இ6 5.கேஸ்லிங், சிப்பாய் டி4-ல் வெட்டு, 6.குதிரை வெட்டு, குதிரை ஜி8-லிருந்து இ7. இந்த ஆறாவது நகர்வில் நிறுத்துங்கள். குதிரையின் இயல்பான கட்டம் எஃப்6 ஆயிற்றே, இ7-ல் வைத்து எஃப்8 பிஷப்பின் வழியை ஏன் அடைக்க வேண்டும்? எக்ஸ்ப்ளோரர் இதற்குப் பதில் சொல்லாது. இரண்டு நகர்வுகளுக்கும் இரண்டு எண்களைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். விடை இரண்டு நகர்வு தள்ளி இருக்கிறது: 7.சி4 குதிரை டி4-ல் வெட்டு 8.ராணி வெட்டு, குதிரை சி6. இ7-ல் இருந்த குதிரை ராணியைத் துரத்திக்கொண்டு வந்து நிற்கிறது. 9.ராணி டி1 என்று திரும்பிப் போனதும் 9...டி4 என்று சிப்பாய் ஓர் அடி முன்னேறுகிறது. அடைபட்டிருந்த பிஷப்புக்கும் வழி திறந்துவிட்டது. 10.இ3 பிஷப் சி5 என்று அது உடனே வெளியே வருகிறது. குதிரை எஃப்6-ல் நின்றிருந்தால் ஒரே தாவலில் சி6-க்கு வந்து ராணியைத் தொட முடியாது. இந்த மூன்று வரி விளக்கம் தெரிந்தவருக்கு ஆறாவது நகர்வு மறக்கவே மறக்காது.

பத்தாவது நகர்வைத் தாண்டிப் போகப் போக மாஸ்டர்ஸ் எண்ணிக்கை கரைந்துகொண்டே வரும். இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு நடக்கிறது. மூன்றே ஆட்டங்கள் உள்ள வரியில் பட்டை முழுக்கக் கறுப்பாக இருந்தால், அந்த நகர்வு கறுப்புக்கு வெற்றி தருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மூன்று ஆட்டத்திலும் கறுப்பு 200 புள்ளி உயர்ந்தவராக இருந்திருக்கலாம். ஐம்பதாவது நகர்வில் எதிராளி ப்ளண்டர் (பெரும் தவறு) செய்திருக்கலாம். இந்த 14-வது ஆட்டமே சாட்சி. ஓபனிங்கில் கறுப்பு சிரமமில்லாமல் சமநிலைக்கு வந்தார் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் முடிந்தது 55.யானை எஃப்2 என்ற தவறால். பட்டையில் இது கறுப்பு வெற்றி என்று மட்டும் பதிவாகும். அந்த வெற்றிக்கும் 6...குதிரை இ7-க்கும் 49 நகர்வு தூரம். எண்ணிக்கை குறைந்த வரிகளில் பட்டையை விட்டுவிட்டு, கீழே பட்டியலாக வரும் ஆட்டங்களைத் திறந்து ஓட்டிப் பார்ப்பதுதான் சரி.

(அந்த முடிவாட்டத்தையும் இதே பலகத்தில் பார்க்கலாம். காய்கள் ஏழாகக் குறைந்ததும் எக்ஸ்ப்ளோரர் தானாகவே டேபிள்பேஸாக, அதாவது முடிவு முழுக்கக் கணக்கிடப்பட்ட நிலைகளின் தொகுப்பாக, மாறிவிடும். 55...யானை வெட்டு 56.ராஜா வெட்டு முடிந்ததும் பலகையில் சரியாக ஏழு காய்கள். ஏ8 மூலையில் மாட்டிய பிஷப்புக்கு எதிரே 56...பிஷப் டி5 வந்து நிற்க, பிஷப்புகள் மாறுவதைத் தடுக்க வழியில்லை. அதற்குப் பின் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி என்று டேபிள்பேஸ் ஐயமின்றிக் காட்டும்.)

லிசெஸ் பிரிவின் பட்டை வேறு விதமாக ஏமாற்றும். எங்லண்ட் கேம்பிட் (கேம்பிட் என்றால் சிப்பாயைத் தியாகம் செய்து தொடங்கும் ஓபனிங்): 1.டி4 இ5 2.சிப்பாய் வெட்டு, குதிரை சி6 3.குதிரை எஃப்3 ராணி இ7 4.பிஷப் எஃப்4 ராணி பி4 செக் 5.பிஷப் டி2 ராணி பி2-ல் வெட்டு. இங்கே 6.பிஷப் சி3 என்று ராணியைத் தாக்கத் தோன்றும். ஆடினால் 6...பிஷப் பி4! 7.ராணி டி2 பிஷப் சி3-ல் வெட்டு 8.ராணி வெட்டு, ராணி சி1 மாட். குறைந்த ரேட்டிங் ஆட்டங்களில் பலர் விழும் குழி இது. அதனாலேயே அங்கே கறுப்பின் பங்கு இந்த ஓபனிங்கின் தகுதிக்கு மீறித் தெரியும். 6.குதிரை சி3 என்ற ஒரு நகர்வு தெரிந்த எதிராளி கிடைத்தால் கறுப்புக்கு மிஞ்சுவது மோசமான நிலைதான். பட்டை ஆசை காட்டும் எந்த கேம்பிட்டையும் அதே வரியில் ரேட்டிங் வடிகட்டியை 2000, 2200 என்று ஏற்றிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்ற ஏற்றப் பட்டை சுருங்கினால் அது பொறியை மட்டும் நம்பிய ஓபனிங்.

பிளேயர் பிரிவை எதிராளியை வேவு பார்க்கும் கருவியாகவே பலரும் நினைக்கிறார்கள். மாவட்டப் போட்டிகளில் அது அதிகம் உதவாது. போட்டி முடிவுகளை வெளியிடும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் அடுத்த சுற்றின் ஜோடி வந்த பிறகு கிடைப்பது சொற்ப நேரம். எதிராளியின் லிசெஸ் பெயர் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் அவர் பிளிட்ஸில் ஆடுவதைத்தான் போட்டியிலும் ஆடுவார் என்று சொல்ல முடியாது. இதை உங்கள் மேலேயே திருப்புங்கள். சொந்தப் பெயரைப் போட்டு, நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கடந்த ஆறு மாதத்தை மட்டும் வைத்து ஒவ்வொரு நகர்வாக இறங்குங்கள். முதல் முறை ஆட்டங்களை வரிசைப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிளையில் தோல்விகள் குவிந்திருக்கின்றனவோ அதுதான் அடுத்து படிக்க வேண்டிய பாடம். காசு கட்டிப் படிக்கும் கோர்ஸ் எதுவும் இவ்வளவு துல்லியமாக உங்கள் ஓட்டையைச் சொல்லாது.

என்ஜின் ஸ்டாக்ஃபிஷ், உங்கள் பிரவுசரிலேயே ஓடும். பிரபலமான நிலைகளுக்கு ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த மதிப்பு உடனே வந்துவிடும். அமைப்பில் ஒரு வரி மட்டும் காட்டும்படி இருந்தால் மூன்றாக மாற்றுங்கள். ஐந்து வரை வைக்கலாம். ஒரே வரி தெரியும்போது மற்றவை எல்லாம் தவறு என்ற எண்ணம் வந்துவிடும். மூன்றையும் பார்த்தால் பல இடங்களில் வித்தியாசம் 0.1, 0.2 தான் (ஒரு சிப்பாய்க்கு ஏறக்குறைய ஒரு புள்ளி என்ற கணக்கில்) என்பது புரியும். அப்படியான இடத்தில் உங்களுக்குப் புரிகிற நகர்வை எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் ஒரு புள்ளிக்கு மேல் போகும் இடங்களை மட்டும் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். பழைய போனில் என்ஜினை நீண்ட நேரம் ஓடவிட்டால் போன் சூடாகி பேட்டரி இறங்கும். இந்த வேலைக்குக் கணினிதான் நல்லது.

ஸ்டடிதான் உண்மையில் படிப்பு நடக்கும் இடம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை போடலாம். பொதுவில் வைக்கலாம், இணைப்பு தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம், அழைத்தவருக்கு மட்டும் என்றும் பூட்டலாம். போட்டிக்குத் தயார் செய்யும் லைன்களைக் கட்டாயம் பூட்டி வையுங்கள். ஓபனிங்குக்கு ஒரு ஸ்டடி, ஒவ்வொரு முக்கியக் கிளைக்கும் ஓர் அத்தியாயம் என்று பிரிப்பது நல்ல வழக்கம். எதிராளிக்குக் கிளைகள் பல இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். இரண்டு பதில் எழுதி வைத்தால் பலகையில் உட்காரும்போது இரண்டும் நினைவுக்கு வந்து குழப்பும். எக்ஸ்ப்ளோரரில் உங்கள் ரேட்டிங்கில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கீழே ஆடும் எதிர்நகர்வுகளை முதல் சுற்றில் விட்டுவிடலாம், அந்த நகர்வு ஒரு பொறியாக இருந்தாலொழிய. முக்கியமான ஒவ்வொரு நகர்வுக்கும் கீழே ‘ஏன்’ என்று ஒரு வாக்கியம், மேலே சொன்ன குதிரை இ7-க்கு எழுதியதுபோல. வலது கிளிக்கில் இழுத்தால் அம்பு வரும். அதுவும் அந்த நகர்வோடு சேமிக்கப்படும்.

இரண்டு இடங்களில் அடி வாங்குகிறார்கள். பலகைக்குக் கீழே ‘ரெக்’ என்றொரு பொத்தான் உண்டு. அது அணைந்திருந்தால் நீங்கள் ஆடிப்பார்க்கும் எதுவும் ஸ்டடியில் பதிவாகாது. ஒரு மணி நேர வேலை பக்கத்தை மூடியதும் காணாமல் போவது இப்படித்தான். அடுத்தது, ‘இன்டராக்டிவ் லெசன்’ முறை. அத்தியாயத்தை அந்த முறையில் வைத்தால் மாணவர் நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் நீங்கள் எழுதிய குறிப்பு வரும். அருமையான வசதி. ஆனால் அது மெயின் லைனை (முதன்மை நகர்வு வரிசையை) மட்டுமே சரி என்று எடுத்துக்கொள்ளும். எதிராளியின் மாற்று நகர்வுகளைக் கிளையாகப் போட்டால் அவற்றைக் கேள்வியாகக் கேட்காது. ஒவ்வொரு கிளையையும் தனி அத்தியாயமாக்கினால்தான் வேலை செய்யும். அப்படிச் செய்தால் 64 விரைவில் தீர்ந்துவிடும். பத்துக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் கோச்சுக்கு இந்த முறை பொருந்தும். தனியாகப் படிப்பவர் சாதாரண அத்தியாயங்களாகவே வைத்து, ‘அடுத்த நகர்வுகளை மறை’ என்பதைப் பயன்படுத்துவது மேல்.

முதலில் சொன்ன குறைக்கு வருவோம். எழுதிய லைனை மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்துக் கேட்டு நினைவைச் சோதிக்கும் ஏற்பாடு லிசெஸ்ஸில் இல்லை. கட்டண கோர்ஸ் தளங்கள் இதில் முந்தி நிற்கின்றன. இதற்கு மாற்று உண்டு: ஸ்டடியை பிஜிஎன் (செஸ் நகர்வுகளை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக இறக்கி, லிஸ்டடி என்ற இலவசத் தளத்தில் ஏற்றினால் அது இடைவெளி விட்டுக் கேள்வி கேட்கும். அங்கே கிளைகளும் கணக்கில் வரும். ஸ்டடியைத் திருத்தினால் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும் என்பது ஒரு தொந்தரவு. ஆகவே லைன் ஓரளவு நிலைத்த பிறகு ஏற்றுங்கள். லிசெஸ்ஸுக்குள்ளேயே வேண்டும் என்பவர்கள் கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களை ஆடலாம். நாள்கணக்கில் யோசிக்கும் அந்த ஆட்டங்களில் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்ப்பது விதிப்படி அனுமதி. என்ஜின் கூடாது. புதிய ஓபனிங்கைப் பழக இதைவிட நிதானமான இடம் கிடையாது. மற்ற வேக ஆட்டங்களில் எக்ஸ்ப்ளோரரைத் தொட்டாலும் அது ஏமாற்று வேலை, கணக்கு முடக்கப்படும். குழந்தைகளிடம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது என்பதால் சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். காய்களின் ஆங்கில எழுத்துகள் பழகாத சிறு பிள்ளைகளுக்கு, விருப்பங்கள் பகுதியில் நகர்வுக் குறியீட்டைக் காய்ப் படங்களாக மாற்றிவிடலாம். ஆனால் போட்டியில் ஸ்கோர் ஷீட் எழுத எழுத்துகள்தான் தேவை என்பதால் சில மாதங்களில் திருப்பி மாற்றிவிடுங்கள்.

போட்டிக்குப் போகும் வாரத்தில் ஸ்டடிகளை பிஜிஎன்னாக இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லைனிலும் உங்கள் பதிலையும் ‘ஏன்’ வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆட்ட அரங்குக்குள் போன் கூடாது, பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியே மர நிழலில் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் அந்தத் தாள்தான் கையில் இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் அதையும் அப்பா அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.